வலி மாதிரி

வலது காலா இடது காலா, எதை முதலில் எடுத்து வைப்பது என்று ஓடுகிறவன் எவனும் யோசிக்க மாட்டான், நான் யோசித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டில் நிற்கிறேன், ஏனென்றால் இடது காலில்தான் கீறல், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில், ஸ்கேன் படத்தில் பார்த்தபோது யாருடைய தலைமுடியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, டாக்டர் ஊதித் தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன், அந்த ஒற்றை முடிக்குத்தான் கோடை லீவு முழுக்கக் காலி. "ஏல கிளிட்டஸு, ஓடப் போறியா, கோட்டுல நின்னு பூச வைக்கப் போறியா?" என்கிறார் பொன்பாண்டி சார், எங்கள் பி.டி. சார். சாரின் குரல் தொண்டையிலிருந்து வராது, இடுப்பு பெல்ட்டிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக வெளியேறும், எனக்குத் தெரியும், ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தக் குரலில் அவரைவிட நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன். அவருக்குப் பக்கத்தில் சுபைதா அக்கா, பிசியோதெரபி அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். "தம்பி, கேட்டுக்கோ. மூணே ரவுண்டு, மெதுவா. நடுவுல வலிச்சா நின்னுரணும். முடிச்சதும் எலும்ப அமுக்கிப் பார்ப்பேன். துள்ளினியோ, இந்த வருஷம் ஓட்டத்த மறந்துரு." இந்த வருஷம் என்றால் பிளஸ் டூ, பள்ளிக்கூட டீமில் கடைசி வருஷம், மண்டலப் போட்டிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், அதற்குப் பிறகு என்னை யார் எந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். "துள்ளலேன்னா," என்று சார் குறுக்கே புகுந்தார், "அந்தச் சைக்கிள இன்னையோட மூலையில சாத்திரு. சைக்கிள் மிதிச்சா தொட கனத்துரும். கனத்த தொட ஓடாது." நான் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தலையாட்டலாக ஆட்டினேன். வலித்தால் ஓட்டம் போச்சு, வலிக்காவிட்டால் கோடையில் பழகிய சைக்கிள் போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே இடது காலை எடுத்து வைத்தேன்.

வைத்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை, அடுத்ததும் வைத்தாயிற்று, வானம் அங்கேயேதான் இருக்கிறது. இத்தனை நாளும் இந்த மண்ணைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்க்கிற மண் வேறு, பாதத்துக்கு அடியில் வந்து சரக் என்று பேசுகிற மண் வேறு, வலது காலுக்கு ஒரு சரக், இடது காலுக்குக் கொஞ்சம் பயந்த சரக், நாக்கை மேலண்ணத்தில் தேய்த்து இழுத்தால் இந்தச் சத்தத்தை எடுத்துவிடலாம், இழுத்துப் பார்த்தேன், வந்தது. "யாருகூடல பேசுத?" என்று முன்னால் போகிற இசக்கிதுரை கேட்டான். "மண்ணுகூட." "மண்ணு என்ன சொல்லுது?" "முன்னால போறவன் குளிக்காம வந்துட்டான்னு சொல்லுது." அவன் முதுகு குலுங்கியது. என் வேகத்தை இழுத்துப் பிடிப்பதற்கென்று சார்தான் அவனை முன்னால் விட்டிருக்கிறார். எப்போதும் அவன் என் முதுகைப் பார்த்து ஓடினவன், நான் படுத்துக் கிடந்த மாதங்களில் என் இடத்துக்கு வந்துவிட்டான், நான் அவன் முதுகை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்குக் குரல் மட்டுமில்லை, நடையும் வரும், ஓட்டமும் வரும், ஹெட்மாஸ்டர் பிரேயருக்கு வருகிற நடை, ஒரு செருப்பு இன்னொரு செருப்பைச் சந்தேகப்படுகிற நடை, அதை நடந்து காட்டினால் காண்டீன் அக்காவே கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிக்கும். இசக்கிதுரை ஓட்டம் அதைவிடச் சுலபம், முழங்கை இரண்டையும் விரித்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, பஸ்சில் ஜன்னலோரம் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓட வேண்டும், வகுப்பே உருளும், அவனும் உருளுவான். பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரிகிறது, முழங்கை விரிகிற ஒவ்வொரு தடவையும் அவன் நெஞ்சுக்கூட்டில் ஒரு கதவு திறந்து காற்று உள்ளே போகிறது, தலை சாய்வது தன் மூச்சைத் தானே கேட்டுக்கொள்வதற்கு, அப்புறம் அந்தக் குதிகால், அடடா, நன்றாக வெந்த இட்லி தட்டிலிருந்து கழன்று வருகிற மாதிரி, மண்ணில் ஒரு துணுக்கு ஒட்டாமல் எழும்பி எழும்பிப் போகிறது. மேலே தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அடியில் கிடந்ததையெல்லாம் விட்டுவிட்டல்லவா இத்தனை நாள் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கீழுதட்டை மடித்துக் குவித்தால் சாரின் விசில் அச்சாக வரும், அதை அடித்து ஹாக்கி டீம் மொத்தத்தையும் நடு ஆட்டத்தில் நிறுத்தியவன் நான், இப்போது ஒன்று அடித்தால் இவன் ஆணி அடித்ததுபோல நிற்பான், நான் அவன் முதுகில் மோதுவேன், சார் தன் விசில் எங்கே என்று சட்டைப்பையைத் தடவுவார், என்ன அருமையான காட்சி, உதடு தானாகக் குவிந்தும்விட்டது, ஆனால் அந்தக் குதிகாலை நிறுத்த மனசு வரவில்லை, குவித்த உதட்டால் வெறும் காற்றை ஊதிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

முதல் ரவுண்டு முடிகிற வளைவில், தண்ணீர்த் தொட்டி பக்கம், அது வந்தது. வந்ததா? வந்த மாதிரி இருந்தது. இடது முன்னெலும்பில், அந்த முடி கிடந்த இடத்தில், உள்ளே இருந்து யாரோ நகத்தால் ஒரு தட்டு. வலி என்று சொல்ல முடியாது, வலி மாதிரி. நின்றுவிடட்டுமா, நிற்கணும் என்றுதானே அக்கா சொன்னார், நின்றால் சார் பார்ப்பார், சார் பார்த்தால் பார்க்கட்டும், இன்னொரு எட்டு வைத்துப் பார்ப்போம், தட்டு, ஆமாம், இல்லை, அதற்கடுத்த எட்டில் இல்லை, நினைத்தவுடன் மறுபடியும் தட்டு. போலி எது நிஜம் எது என்று கண்டுபிடிக்கிற வேலை எனக்கே வந்து சேர்ந்திருக்கிறதே. எனக்குத் தெரிந்த சூத்திரம் ஒன்றுதான், நிஜக் குரல் போரடிக்கும். சார் நிஜமாகப் பேசினால் பாதி நேரம் ஒரு சுவையும் இருக்காது, நான் சாராகப் பேசினால் ஒவ்வொரு வார்த்தையிலும் சார் வழிவார், அதுதான் போலியின் லட்சணம், தான் யாரென்று நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டிக்கொள்ளும். மார்ச் மாதம் வந்த அசல் வலி ஒரு நாடகமும் போடவில்லை, மாடிப்படி இறங்கும்போது, சில்லறை இல்லை என்று கண்டக்டர் சொல்கிற அலுப்போடு, இருக்கேன் என்றது, அவ்வளவுதான். இது அப்படியில்லை, இது கைதட்டல் கேட்கிறது, நான் கவனித்தால் ஆடுகிறது, இசக்கிதுரையின் குதிகாலைப் பார்த்தால் அடங்குகிறது. அப்படியென்றால் இது வலி இல்லை, என் பயம் வலியின் குரலில் பேசுகிறது, எனக்குள்ளேயே எனக்குப் போட்டியாக ஒரு மிமிக்ரிக்காரன். பலே, நன்றாகத்தான் செய்கிறான். ஆனால் இந்தத் தீர்ப்பைச் சொல்வது யார், என் காது, என் காதை நான் எதை வைத்து நம்புவது, லீவில் வந்த அந்தக் குரல் செய்தியைத் தப்பாகக் கேட்ட அதே காதுதானே இது. ஒரு காலையில் சுபைதா அக்கா போனில் அனுப்பியிருந்தார், பின்னால் பஸ் ஹாரன், யாரோ தேங்காய்க்கு விலை பேசுகிறார்கள், நடுவில் அக்கா, தம்பி ஸ்கேன் பார்த்துட்டேன், இன்னையிலருந்து மெதுவா ஓடலாம். ஓடலாம்! கட்டிலிலிருந்து குதித்தேன், குதிக்கக் கூடாது, குதித்துவிட்டேன், ஷூவுக்குள் குடியிருந்த கரப்பானைக் காலி செய்து, லேஸ் கட்டி வாசலுக்கே வந்துவிட்டேன். அம்மா சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே, "எங்கய்யா கெளம்பிட்ட?" என்றாள். "ஓட. அக்கா சொல்லிருச்சு." "எங்க, இன்னொரு தடவ போடு." போட்டேன். "ஓட்டலாம்னுல்லா சொல்லுது." "ஓடலாம்மா." "ஓட்டலாம்யா. சைக்கிள ஓட்டலாம்." "அது ஹாரன் சத்தம்மா." "ஹாரன் எந்த ஊர்லய்யா 'ட்'னு அடிக்கும்?" திரும்பத் திரும்பப் போட்டோம், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சித்தியும் வந்து கேட்டுவிட்டு அம்மா பக்கம் சாய்ந்தாள், கடைசியில் எனக்கும் கேட்டுத் தொலைத்தது, அந்த ஒற்றை ட். ஊரில் உள்ள குரலையெல்லாம் இம்மி பிசகாமல் எடுக்கிற காது, தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டு மீதியை ஹாரன் தலையில் போட்டுவிட்டது. அன்றைக்கு வேண்டும் என்பதற்காக ஓடலாம் என்று கேட்டதென்றால், இன்றைக்கும் வேண்டும் என்பதற்காகத்தான் இது வலி இல்லை, வலி மாதிரி என்கிறதா.

"மூச்சு வாங்குதால?" என்று இசக்கிதுரை திரும்பாமலே கேட்கிறான், "இல்லல" என்கிறேன், உண்மையாகவே இல்லை, இரண்டாவது ரவுண்டில் எதிர்காற்று, மைதானத்துக் கொடிமரத்தில் கயிறு படபடக்கிறது, முன்பெல்லாம் இந்த இடத்தில் விலா பிடிக்கும், இப்போது மூச்சு தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கிறது, உருண்டுகொண்டு என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது, சைக்கிளிலிருந்துதான். பிளஸ் ஒன்னில் எல்லோருக்கும் கொடுத்த அரசாங்க சைக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை, ஓட்டக்காரனுக்கு எதற்குச் சைக்கிள், அதன் ஹேண்டில்பாரில் அப்பாவின் லுங்கிதான் காய்ந்துகொண்டிருந்தது. ஓடலாம் போய் ஓட்டலாம் ஆன அன்று, லுங்கியை எடுத்து எறிந்துவிட்டு, முகத்தை மூன்று முழத்துக்குத் தொங்கப்போட்டுக்கொண்டு உப்பளத்து ரோட்டில் மிதித்தேன், கிறீச் கிறீச் என்று செயின் அழுதது, நானும் அதே சுருதியில் அழுதேன். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் வெள்ளையாக உப்பு அம்பாரம், லாரிக்காரன் ஒருவன் "தம்பி, தூங்கிட்டே ஓட்டுத" என்று கத்திக்கொண்டு போனான். அப்புறம் ரோடு லேசாக இறங்குகிற இடத்தில் சலித்துப்போய் மிதிப்பதை நிறுத்தினேன். அது நிற்கவில்லை. கீழே பார்த்தேன், கால் சும்மா இருக்கிறது, ரோடு போய்க்கொண்டிருக்கிறது, பின்சக்கரம் டிக்டிக்டிக் என்று தனக்குள் பேசிக்கொண்டே என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஓட்டத்தில் இப்படி ஒரு விஷயமே கிடையாது, அங்கே காலை நிறுத்தினால் ஆள் நின்றான், இங்கே சற்றுமுன் அழுதுகொண்டு நான் மிதித்த மிதியை யாரோ கீழே விழாமல் பிடித்துவைத்திருந்து, இந்தா என்று நீட்டுகிறார்கள். எந்த மகராசன் இதைக் கண்டுபிடித்தான், கையெடுத்துக் கும்பிடணும் அவனை. அன்றிலிருந்து தினமும் போனேன், காலுக்கு நல்லது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனேன், அதுவும் பொய்யில்லை. ஒருநாள் திரும்பி வரும்போது முதுகுக்காற்று, நல்ல மேல்காற்று, மிதித்தேன், இன்னும் மிதித்தேன், ஒரு கட்டத்தில் காதிலிருந்த சத்தமெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. காற்றும் நானும் ஒரே வேகம். சட்டை ஆடவில்லை, இரைச்சல் இல்லை, உப்பளத்துத் தண்ணீரில் என் நிழல் மட்டும் கூடவே வழுக்கி வந்தது. என் தலைக்குள் எந்நேரமும் சார் இருப்பார், ஹெட்மாஸ்டர் இருப்பார், ஸ்டெல்லா சித்தி, ஐஸ்காரர், ரயில்வே ஸ்டேஷன் ஒலிபெருக்கி அம்மா, எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு இருப்பார்கள், அன்றைக்கு ஒருத்தரும் இல்லை, யாரைக் கூப்பிட்டாலும் வரவில்லை, பயப்பட வேண்டிய விஷயம், எனக்கோ வாய்விட்டுக் கத்தலாம் போல அத்தனை சந்தோஷம். கத்தவில்லை. கத்தினால் சத்தம் வந்துவிடும்.

கடைசி ரவுண்டு, சார் கையைத் தூக்கிக் காட்டுகிறார், அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார், தட்டு எங்கே, காணோம், தேடினேன், முழங்காலுக்குக் கீழே ஒவ்வோர் அங்குலமாகத் தேடினேன், தொலைந்த சாவியைத் தேடுகிறவன் மாதிரி, அப்போதுதான் உறைத்தது, நான் எதற்கு அதைத் தேடுகிறேன். வந்துவிடேன் என்று எனக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து எவனோ கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வந்தால் நின்றுவிடலாம், நின்றால் சைக்கிளை யாரும் மூலையில் சாத்தச் சொல்ல மாட்டார்கள், நாளைக் காலையில் உப்பளத்து ரோடு. அடப் பாவி, கோடை முழுக்க எந்த ஓட்டத்துக்காக அழுதேனோ அது இதோ காலுக்கடியில் சரக் சரக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, இடது வலது வித்தியாசம்கூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் வலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறேனே. ஒருவேளை அந்தத் தட்டு பயத்தின் குரலே இல்லை, ஆசையின் குரலோ, சைக்கிள் ஆசை வலி வேஷம் போட்டு வந்ததோ. நொண்டினால் போதும், நொண்டுவது எனக்கு என்ன பெரிய வித்தையா, பத்து வகை நொண்டல் வரும், அக்காவின் கட்டைவிரல் பட்டதும் அய்யோ என்று ஒரு துள்ளல், சாரே கண்கலங்கிவிடுவார். ஆனால் இசக்கிதுரையின் முதுகு அங்கே போய்க்கொண்டிருக்கிறதே, அதை விட்டுக்கொடுத்துவிட முடியுமா, இத்தனை நல்ல ஓட்டத்துக்குப் பின்னால் ஓட இனி எந்தப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்வேன். "ஏல, என் குதிங்கால மிதிக்காத," என்றான் அவன். நான் வேகம் கூட்டியிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. "நீ உருட்டிட்டு வார மாதிரி இருக்குல. முன்ன நீ இடிச்சுக்கிட்டுல்லா ஓடுவ." "நெசமாவா?" "எனக்கென்ன ஆச, ஒனக்குப் பொய் சொல்ல. மண்டலத்துக்கு ஒரு ஆளத்தான் எடுப்பாரு." சொல்லிவிட்டு அவனும் கொஞ்சம் கூட்டினான், நானும் கூட்டினேன், "மெதுவா! மெதுவாலே!" என்று இடுப்பு பெல்ட்டிலிருந்து சார் அலறுகிறார், அக்காவின் ஹெல்மெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது, நாங்கள் இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை, இரண்டும் வேணும், ஓட்டமும் வேணும் சைக்கிளும் வேணும், இதை எந்தக் குரலில் சார் முன்னால் போய்ச் சொல்வது, கோடு வந்துவிட்டது.

படிக்கட்டில் உட்காரவைத்து அக்கா குனிந்தார். ஹெல்மெட் என் முழங்காலில் இடித்தது. "உண்மையச் சொல்லணும். வேஷம் போட்டா எலும்புக்குத் தெரியாது, உனக்குத்தான் நஷ்டம்." கட்டைவிரலை எலும்பு ஓரமாக மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்தார். நான் முகத்தை ஒன்றுமில்லாமல் வைத்துக்கொண்டேன், வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேஷம் போட்டதில்லை. விரல் அந்த இடத்துக்கு வந்தது, அழுத்தியது, நான் துள்ளினேன். சார் "போச்சு" என்றார். இசக்கிதுரை எழுந்துவிட்டான். "வலிக்குதா?" "இல்லக்கா." "அப்புறம் ஏன் துள்ளுன?" "கூசுதுக்கா." "நடிக்கான்மா, நல்லா அமுக்குங்க," என்றார் சார். அக்கா நன்றாக அழுத்தினார், நான் ஹீஹீ என்று இளித்துக்கொண்டு படிக்கட்டிலிருந்து மண்ணில் சரிந்தேன், விடாமல் அங்கேயும் வந்து அழுத்தினார், கோடை முழுக்க அலறின இடத்தில் இப்போது கூச்சத்தைத் தவிர ஒன்றும் இல்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர், வாயில் மண், போதும்க்கா, அய்யோ போதும்க்கா. "எலும்பு கூடிருச்சு சார்," என்று அக்கா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "அப்ப அந்தச் சைக்கிள..." என்று சார் தொடங்கியதும், மண்ணில் கிடந்தபடியே சொன்னேன், "சைக்கிள விடமாட்டேன் சார்." "ஏம்ல?" காலுக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது, எல்லாப் பதிலும் வரிசையாக நின்றது. "பிடிச்சிருக்கு சார்," என்றேன். சார் அக்காவைப் பார்த்தார். "ஒருநாள் ஓடட்டும், ஒருநாள் ஓட்டட்டும்," என்றார் அக்கா, "எலும்புக்கும் அதுதான் நல்லது." "தொட கனத்துரும்மா," என்றார் சார், "எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு என்னை எழுப்பி நிறுத்தி, சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி என் தொடையைப் பிடித்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திருப்தியில்லை, "ஏ இசக்கி, நீ இங்க வால," என்று அவனையும் பக்கத்தில் நிறுத்தினார். காலை நடைக்கு வந்த பென்ஷன்காரர்கள் நின்று பார்க்க, சாருடைய ஒரு கை என் தொடையில், ஒரு கை அவன் தொடையில், இசக்கிதுரை வெட்கத்தில் வேப்பமரத்தைப் பார்க்கிறான், நான் கூச்சத்தில் நெளிகிறேன், சார் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினார். பிறகு கண்ணைத் திறந்து, "ம்" என்றார். பெல்ட்டிலிருந்து வரவில்லை அது, மூக்கு வழியாகவும் போகவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தப்பாகிப்போன கணக்கு எப்படியோ சரியாக வந்துவிட்டதைப் பார்த்த ஆள் வாயை மூடிக்கொண்டு போடுகிற மாதிரி ஒரு ம். விசிலை எடுத்துக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல், ஹாக்கிப் பையன்கள் பக்கம் நடந்துபோனார். "என்னல சொல்லிட்டுப் போறாரு?" என்று இசக்கிதுரை கேட்டான். அவனுக்குச் சார் மாதிரியே சொல்லிக் காட்டலாம் என்று வாயை மூடி, ம் என்றேன். இல்லை. தாடையைக் கொஞ்சம் இறக்கி, ம் என்றேன். அதுவும் இல்லை.